கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: சுயபுத்தியின்மேல் சாயாமல் முடிவெடுக்கும் முறை

“உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து” என்று தொடங்கும் நீதிமொழிகள் 3:5-6 நம்மில் பெரும்பாலோருக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் ஒப்பித்தது, வீட்டுச் சுவரில் காலண்டராய்த் தொங்குவது. ஆனால் பெங்களூரின் ஒயிட்ஃபீல்டில் வேலை மாறும்போதோ, லிங்கராஜபுரத்தில் வீடு பார்க்கும்போதோ, பிள்ளைக்கு வரன் தேடும்போதோ அந்த வசனம் கைக்கு வருவதில்லை. விசுவாசம் குறைவு என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் முடிவு, பிறகு ஜெபம். புரோக்கரிடம் டோக்கன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, “ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும்” என்கிறோம். “வேண்டாம்” என்று சொல்ல அந்த ஜெபத்தில் அவருக்கு இடமே வைக்கவில்லை.

பெங்களூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். ஊரில் என்றால் சித்தப்பா, மாமா, சபை மூப்பர் என்று நாலு பேர் கேட்காமலே வந்து குறுக்கே நின்று கேள்வி கேட்பார்கள். இங்கே படிப்பும் சம்பளமும் போனும் நம் கையில். கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. இன்ன பட்டணத்திற்குப் போய், ஒரு வருஷம் தங்கி, வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்கிறவர்களைப் பற்றி யாக்கோபு 4:13 பேசுகிறது. அவர்கள் திட்டம் போட்டதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. 15ஆம் வசனத்தில் அந்தத் திட்டத்தோடு “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்பதைச் சேர்க்கச் சொல்கிறார். அதை வாயளவில் சேர்ப்பது எளிது. காலண்டரில், பணத்தில், கையெழுத்தில் சேர்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

வசனம் எதைக் கேட்கிறது

“உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்” என்ற இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல், ஒன்றின்மேல் உடல் பாரத்தைச் சாய்த்து நிற்பதைக் குறிக்கும். கில்போவா மலையில் சவுல் தன் ஈட்டியின்மேல் சாய்ந்து நின்றதற்கும் (2 சாமுவேல் 1:6) அதே சொல்தான். ஈட்டியைக் கையில் வைத்திருப்பது வேறு, அது சறுக்கினால் தானும் விழும்படி அதன்மேல் நிற்பது வேறு. புத்தியைப் பயன்படுத்துங்கள், கணக்குப் போடுங்கள், விசாரியுங்கள். பாரத்தை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

அடுத்து, “உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள்.” தமிழில் வாசிக்கும்போது, போகிற போக்கில் ஒரு நிமிடம் நினைப்பது போலத் தோன்றும். மூலச்சொல் ஒருவரை நெருங்கி அறிவதற்கான சொல். “எல்லா வழிகளிலும்” என்பதையும் கவனியுங்கள்: ஊழியம், ஜெபக்கூட்டம் மட்டுமல்ல, வாடகை ஒப்பந்தமும் அதில் சேரும்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

80 பக்க நோட்டு போதும். போனில் எழுதினால் அழித்துத் திருத்திவிடுவோம். காகிதத்தில் முதலில் நினைத்தது அப்படியே நிற்கும். ஒவ்வொரு காரியத்துக்கும் எதிரெதிரான இரண்டு பக்கங்கள். தொடங்கும் முன், கடந்த இரண்டு வருடத்தில் எடுத்த மூன்று பெரிய முடிவுகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு தேதி: மனதுக்குள் முடிவு செய்த தேதி, முதன்முதலாக அதற்காக ஜெபித்த தேதி. மூன்றிலும் ஜெபத்தின் தேதி பிந்தியிருந்தால், எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

லீஸ் வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஊரில் ஒத்தி, போக்கியம் என்பதைத்தான் இங்கே லீஸ் என்கிறார்கள்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். அப்படி ஒரு வீடு வருகிறது, 14 லட்சம், 3 வருடம். புரோக்கர் சொல்கிறார்: “சார், இன்னைக்கே டோக்கன் போட்ருங்க, நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க.” அன்று இரவு இடது பக்கத்தில் எழுத வேண்டியவை இவை:

தேதி. காரியம் என்ன, ஒரே வாக்கியத்தில். பதில் சொல்ல உண்மையான கடைசி நாள் எது (புரோக்கர் சொன்ன நாள் அல்ல, இப்போதிருக்கும் வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்பது). எனக்கு என்ன ஆசை. எனக்கு என்ன பயம். எனக்கு எது தெரியாது.

இதில் ஆசையை எழுதும் வரிதான் முக்கியம். “மாதம் 25,000 வாடகை மிச்சமாகும், ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு உதவும், மச்சான் வீட்டை விட இது பெரிது” என்று மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதாமல் விட்டால் ஜெபத்தில் அதுவே பேசிக்கொண்டிருக்கும், நாம் அதைத் தேவ சத்தம் என்று நினைத்துக்கொள்வோம்.

எரேமியா 42இல் நடந்தது இதுதான். எருசலேம் விழுந்தபின் மீந்திருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைச் செய்வோம் என்று ஆணையிட்டுக் கேட்டார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே, “நீ பொய் சொல்லுகிறாய்” என்றார்கள். முந்தின அதிகாரத்தைப் பாருங்கள்; கேட்க வருவதற்கு முன்பே மூட்டை கட்டி, எகிப்துக்குப் போகிற வழியில் பெத்லெகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருந்தார்கள். இடது பக்கத்தில் ஆசையை எழுதுவது, மூட்டை ஏற்கனவே கட்டியாயிற்றா என்று பார்ப்பதற்காகத்தான்.

எதற்கு ஜெபம் வேண்டாம்

வேதம் ஏற்கனவே பதில் சொல்லிவிட்ட காரியத்துக்கு மறுபடி சித்தம் தேடக் கூடாது. கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாமா, அனுபவச் சான்றிதழில் இல்லாத இரண்டு வருடத்தைச் சேர்க்கலாமா: இவற்றுக்கு உபவாசம் இருப்பது பக்தி போலத் தெரியும், ஆனால் கீழ்ப்படிதலைத் தள்ளிப்போடும் வேலை அது. மறுபுறம், ஸ்கூட்டர் என்ன நிறம், எந்த பஸ்ஸில் போவது என்பதற்கெல்லாம் அடையாளம் தேடுகிறவர்களும் உண்டு. அப்படிப் பழகினால், கொஞ்ச நாளில் எந்தச் சின்ன முடிவும் எடுக்க முடியாத பயத்தில் போய் முடியும். நோட்டு இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றுக்கு: பணம், இடம், வேலை, திருமணம், கடன், ஒருவருக்குப் பிணை நிற்பது.

பிணையைப் பற்றி ஒரு வார்த்தை. உடன் வேலை செய்கிறவருக்குப் பர்சனல் லோனில் கேரண்டி கையெழுத்து கேட்டால் நம் ஆட்கள் முகத்துக்காகப் போட்டுவிடுகிறார்கள். நீதிமொழிகள் 6:1-5 வாசித்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள். ஏற்கனவே போட்டிருந்தாலும் தூங்காமல் போய் அதிலிருந்து தப்பித்துக்கொள் என்கிறது அந்தப் பகுதி.

கேட்கும் விதம்

அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). அதையே செய்யுங்கள். ஒப்பந்தத்தின் நகலோ ஆஃபர் லெட்டரோ, அச்செடுத்து மேசையில் விரியுங்கள். கணவன் மனைவி சேர்ந்து உட்காருங்கள். 15 நிமிடம் போதும், தொடர்ந்து ஏழு நாள். காலையில் முடியாவிட்டால் பிள்ளைகள் தூங்கியபின். ஊதா லைன் மெட்ரோவில் நின்றுகொண்டு ஜெபிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் காகிதத்தை அங்கே விரிக்க முடியாது.

ஜெபத்தில் மூன்று காரியம் இருக்கட்டும். ஞானம் கேளுங்கள், குறைவுள்ளவன் கேட்டால் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. இடது பக்கத்து ஆசையையும் பயத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, “வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம்” என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வாயில் வரவில்லை என்றால் வீட்டைப் பற்றி இன்னும் கேட்காதீர்கள்; அந்த மனசுக்காக முதலில் ஜெபியுங்கள். அதற்கே நாலு நாள் ஆகலாம்.

முன்பு கிடைத்த பதிலை மறுபடி உபயோகிக்காதீர்கள். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தர் வந்தபோது தாவீது கேட்டார். “போ” என்று பதில் வந்தது, ஜெயித்தார். அதே பெலிஸ்தர் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்ப வந்தார்கள். நேற்றைய உத்தியே போதும் என்று எந்தத் தளபதியும் நினைத்திருப்பான். தாவீது மறுபடி கேட்டார். இந்த முறை நேராகப் போகாதே, பின்னால் சுற்றிப் போய், முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்வரை காத்திரு என்று வந்தது (2 சாமுவேல் 5). சுயபுத்தி நம்மைச் சாய்ப்பது பெரும்பாலும் தோல்விக்குப் பிறகு அல்ல, இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு. போன முறை வேலை மாறியதில் சம்பளம் கூடியது என்றால், இந்த முறை கேட்கத் தோன்றாது.

வேதத்தை எப்படித் திறப்பது

கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை வைத்து வீடு வாங்குவதும் வேண்டாம். அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது; அதற்கு முந்தின வசனம் 70 வருடம் காத்திருக்கச் சொல்கிறது. முழுக் கடிதத்தையும் வாசித்தால், அந்நிய நகரத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று இருக்கும். பெங்களூரில் இருபது வருடம் இருந்தும் கன்னடம் கற்காமல், பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் இருக்கிற நமக்கு அட்டையில் உள்ள வரியைவிட அது கூடுதலாகப் பேசும்.

நீதிமொழிகளில் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக ஒரு மாதம் வாசியுங்கள், காரியம் எதுவும் கையில் இல்லாத மாதத்திலும். உங்கள் காரியத்தைத் தொடும் வசனம் வந்தால் வலது பக்கத்தில் எழுதுங்கள். ஆசைக்கு எதிராகப் பேசும் வசனத்தையும் எழுதுங்கள். அவற்றைத் தாண்டிப் போவது கைக்குத் தெரியாமலே நடக்கும்.

யாரிடம் கேட்பது

மூன்று பேர். காரியம் தெரிந்த ஒருவர், உங்களைத் தெரிந்த ஒருவர், உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர். சொத்து விஷயத்தில் முதலாமவர் வக்கீல்; ஆயரிடம் பத்திரத்தைக் காட்டி “நல்லாயிருக்கா ஐயா” என்று கேட்பது அவருக்கும் பாரம். அவரிடம் உங்கள் மனதைப் பற்றிக் கேளுங்கள்.

கேட்கும்போது “வீடு முடிவாயிருச்சு, ஜெபம் பண்ணிக்கோங்க” என்று ஆரம்பித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “அண்ணே, இன்னும் முடிவு பண்ணல. என் இடத்துல நீங்க இருந்தா என்ன கேள்வி கேப்பீங்க?” என்று கேளுங்கள். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவானபோது முதியோர், இளைஞர் என்று இரண்டு கூட்டத்திடமும் ஆலோசனை கேட்டார். முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்தவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டார், பத்துக் கோத்திரம் பிரிந்து போனது. ஆகவே மூவர் சொன்னதையும் பெயரோடு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் யாராவது “கர்த்தர் உங்களுக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறார்” என்று அனுப்பினால்? தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதே என்று சொன்ன அதே இடத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்றும் இருக்கிறது (1 தெசலோனிக்கேயர் 5:20-21). நோட்டில் எழுதுங்கள், மற்ற மூவர் சொன்னதோடு சேர்த்து எடை போடுங்கள். அதற்காகப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

காகிதம் பார்ப்பதும் விசுவாசமே

யோசுவா 9ஐ வீட்டில் சத்தமாக வாசியுங்கள். கிபியோன் ஊரார் பழைய பைகள், கிழிந்து தைத்த துருத்திகள், ஒட்டுப்போட்ட செருப்பு, உலர்ந்து பூசணம் பூத்த அப்பம் எல்லாவற்றோடும் வந்து, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள். கண்ணால் கண்டதை வைத்து நியாயமான முடிவுக்கு வந்து, அவர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை என்று 14ஆம் வசனம் சொல்கிறது. மூன்று நாளில், அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. இங்கே கேட்காததும் குறை, சரியாக விசாரிக்காததும் குறை. இரண்டும் சேர்ந்தே வரும்.

நெகேமியாவை எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்து கிடக்கும் செய்தியை அவர் கேட்டது கிஸ்லேயு மாதம், அதைக் கட்டப் போக பெர்சிய ராஜாவிடம் பேசியது நிசான் மாதம். ஏறக்குறைய நான்கு மாத ஜெபம். ராஜா கேட்டவுடன் எத்தனை நாள் ஆகும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எருசலேமுக்குப் போய் இரவில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். எதிரிகள் வந்தபோது ஜெபித்தார், காவலும் வைத்தார். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

லீஸ் வீட்டுக்கு அந்தச் சுற்றிப் பார்த்தல் இப்படி இருக்கும். வீட்டுக்காரரை நேரில் பாருங்கள். நடுவில் நிற்கும் ஆளிடமோ கம்பெனியிடமோ மட்டும் பேசிப் பணம் கொடுக்காதீர்கள். உங்களிடம் மொத்தத் தொகையை வாங்கி, வீட்டுக்காரருக்கு மாத வாடகை மட்டும் கொடுத்து, ஒரு நாள் அதையும் நிறுத்திவிடும் இடைத்தரகர்களால் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கின்றன. வீட்டுக்காரர் பெயரில் காத்தா (சொத்து வரிப் பதிவேட்டுச் சான்று), கடைசி வரி ரசீது, ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) மூன்றும் கேளுங்கள். ஈசியைக் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். “ஒரிஜினல் கிரயப் பத்திரம் எங்க இருக்கு?” என்று நேராகக் கேளுங்கள், பேங்கில் என்றால் வீடு அடமானத்தில் இருக்கிறது, அவர் தவணை கட்டாவிட்டால் பேங்க் வீட்டுக்கு வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம். 11 மாத ஒப்பந்தம் இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 3 வருட லீஸைச் சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு மட்டும்.

உடல்நலத்திலும் இதே ஒழுங்கு. எசேக்கியாவுக்குச் சுகம் தருவதாகக் கர்த்தர் சொன்ன பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். ஜெபித்தோம் என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ யாரும் நிறுத்தக் கூடாது.

பதில் வரவில்லை என்றால்

ஏழு நாள் ஆகிறது, வசனம் எதுவும் குறுக்கே வரவில்லை, காகிதம் சரி, மூவரும் தடை சொல்லவில்லை, ஆனால் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. இது சாதாரணம். கடைசி நாள் வரும்வரை இருங்கள். அதன்பின், “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்று சொல்லி முடிவெடுங்கள். ஞானம் கேட்டதற்கு வந்த பதில், ஒழுங்காக யோசிக்கக் கிடைத்த அந்த ஏழு நாளாகவே இருக்கலாம்.

“சமாதானம் இருந்துச்சு, அதனால செஞ்சோம்” என்பதைத் தனி அளவுகோலாக வைக்காதீர்கள். தேவனைவிட்டு ஓடிய யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினார். பிதாவின் சித்தத்துக்குள் நின்ற இயேசு கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். யாக்கோபு 3:17இல் பரத்திலிருந்து வரும் ஞானத்துக்குச் சொன்ன அடையாளங்களில் முதலாவது சுத்தம். சமாதானம் அதற்குப் பிறகு வருகிறது. அந்த வரிசையில் சோதியுங்கள்: இந்த முடிவில் மறைக்க வேண்டியது ஏதாவது உண்டா? இதனால் வீட்டில் யாருடைய வாயை அடைக்க வேண்டியிருக்கிறது?

அவசரம் அநேகமாக வெளியிலிருந்து வரும். கில்காலில் சவுல் ராஜா ஏழு நாள் காத்திருந்தார், பலி செலுத்த வர வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறினார்கள், தானே பலி செலுத்தினார். முடித்த உடனே சாமுவேல் வந்து நின்றார் (1 சாமுவேல் 13). நாளைக்கே வேறு பார்ட்டி வரும் என்றால் வரட்டும்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்

கேட்காமல் முடிவெடுத்துவிட்டவர்கள் இதை வாசிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். யோசுவா 9இலிருந்து 10க்கு வாருங்கள். ஏமாற்றி வாங்கிய உடன்படிக்கைதான், ஆனாலும் கர்த்தரின் பேரில் ஆணையிட்டதால் தலைவர்கள் அதைக் காத்தார்கள். ஐந்து ராஜாக்கள் கிபியோனைத் தாக்கியபோது யோசுவா இரவெல்லாம் நடந்து உதவிக்குப் போனார். “பயப்படாயாக” என்று கர்த்தர் சொன்னார், சூரியன் கிபியோன்மேல் நின்றது அந்த யுத்தத்தில்தான். பின்னாளில் அந்த ஆணையை மீறிச் சவுல் கிபியோனியரைக் கொன்றதற்காகத் தாவீதின் காலத்தில் மூன்று வருடம் பஞ்சம் வந்தது.

ஆகவே முதலில் மனைவியிடமோ கணவனிடமோ உள்ளதைச் சொல்லுங்கள், பிறகு ஆண்டவரிடம். கொடுத்த வார்த்தை நியாயமானதானால் நஷ்டப்பட்டாவது காப்பாற்றுங்கள். மோசடி என்று தெரிந்தால் வக்கீலைப் பாருங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். பவுல் இராயனுக்கு அபயமிட்டார் (ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார்), அது அவிசுவாசம் ஆகவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். மேலே “கேட்காமல் செய்தது” என்று எழுதித் தேதி போடுங்கள். அடுத்த பக்கத்தில் லீஸ் முடிகிற தேதியையும், அதற்கு நான்கு மாதம் முன்னால் மறுபடி உட்கார வேண்டிய தேதியையும் இன்றைக்கே குறித்து வையுங்கள்.